முறைத் தாளின் தலைப்பைத் தொட்டவன்

ரேவதி கண்ணு,

நீ கோயம்புத்தூர் போய் இன்றோடு ஒன்பது நாள். உன் அம்மா தினமும் போனில் உன் சாப்பாடு, தண்ணீர், அறையில் கூட இருக்கும் பெண்களின் குணம் என்று எல்லாவற்றையும் விசாரித்து முடித்துவிடுகிறாள். எனக்குக் கேட்க ஒன்றும் மிச்சம் வைப்பதில்லை. போன் என் கைக்கு வந்தால் "இன்னாம்மா, நல்லா கீறியா?" என்பதைத் தாண்டி எனக்குப் பேச்சு வராது. அதனால்தான் எழுதுகிறேன். பதினெட்டு வருஷமாக ஊர் நோட்டில் எழுதிப் பழகியவன் நான். பேனாவைப் பிடித்தால்தான் எனக்குக் கொஞ்சமாவது யோசனை ஓடும்.

முந்தாநாள் நீ சொன்ன விஷயம் என்னைத் தூங்க விடவில்லை. வேலைக்கு உன்னை எடுத்தவர்கள், "நீங்கள் செய்ததில் பெருமைப்படுகிற ஒன்றைச் சொல்லுங்கள்" என்று கேட்டார்களாம். நீ நம் ஊருக்குக் கம்ப்யூட்டரில் செய்து கொடுத்த முறைத் தாளைச் சொன்னாயாம். அதோடு நிறுத்தினாயா? அதில் நேர்ந்த பிழையையும் சொல்லியிருக்கிறாய். "ஒரு பயனர் தலைப்பை அழுத்திவிட்டார், அதை நான்தான் முன்கூட்டியே யோசித்திருக்க வேண்டும்" என்று. நீ சிரித்துக்கொண்டே சொன்னாய், நானும் கூடச் சிரித்தேன். போனை வைத்துவிட்டுப் பின்பக்கம் போய் வலைக்குவியல் மேல் உட்கார்ந்துவிட்டேன். பயனராம்! அந்தப் பயனருக்கு மீசை இருக்கிறது, முழங்கால் வலி இருக்கிறது, கூசாமல் பொய் சொன்ன வாயும் இருக்கிறது. நீ அவன் பெயரை அங்கேயும் சொல்லவில்லை, இங்கேயும் சொல்லவில்லை. ஊர்த் தீர்மான நோட்டில் அந்தப் பிழை இன்றைக்கும் உன் பெயரில்தான் கிடக்கிறது. அப்படி எழுதி வைத்தவன் நான். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். உனக்குத் தெரிந்த கதைதான், ஆனால் இதை நீ மட்டும் படிக்கப் போவதில்லை. பழவேற்காட்டு ஏரியில் இறால் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி வராது. முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் சில இடங்களில் மட்டும் அள்ளிக்கொண்டு வரும். எல்லாரும் அங்கேயே போய் வலை கட்டினால் அடிதடிதான். அதனால் யார், எந்த நாள், எந்த இடம் என்று முறை வைத்துப் போகிறோம். அதைப் பாடு என்கிறோம். இன்று நடுவாய் என்கிற நல்ல இடத்தில் வலை கட்டியவன் நாளைக்கு வடக்கு ஓரம் போவான், அவன் இடத்துக்கு அவனுக்கு அடுத்தவன் வருவான். நல்ல இடம் ஒரு வீட்டுக்குத் திரும்பி வர மாதக் கணக்காகும். எனவே இந்த ஊரில் எதை வேண்டுமானாலும் மாற்றிப் பேசலாம், வரிசையை மட்டும் மாற்றிப் பேச முடியாது. அந்த வரிசையை எழுதி, ஊர்க் கூடத்துப் பலகையில் ஒட்டும் எழுத்தர் வேலை என்னுடையது.

ஈரக் கை பட்டுப் பட்டு நோட்டில் மை கரைந்து, யார் பெயர் எங்கே என்று கண்ணை இடுக்கிப் பார்த்துக்கொண்டிருந்த நாளில்தான் நீ பொன்னேரி காலேஜிலிருந்து வந்து, "நைனா, இத்த நான் கம்ப்யூட்டர்ல செஞ்சி தரவா?" என்றாய். கூடத்தில் யாரோ கொடுத்த பழைய கம்ப்யூட்டர் ஒன்று துணி போர்த்திக் கிடந்தது. நெட் வேண்டாம், ஜாவா என்று ஒரு கம்ப்யூட்டர் பாஷையில் எழுதினால் அந்தக் கிழட்டுப் பெட்டியிலேயே ஓடும் என்றாய். உன் அம்மாவுக்கு நீ காட்டுப்பள்ளித் துறைமுகத்து ஆபீசில் ஏதாவது வேலை பார்த்துக்கொண்டு வீட்டிலிருந்தே போய்வர வேண்டும் என்று ஆசை. எனக்கோ நீ என்ன செய்தாலும் சரி, என் நோட்டைத் தொடாமல் இருந்தால் போதும் என்று இருந்தது. அதை நான் அப்போது சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன்.

நீ முதலில் செய்ததைப் பார்த்து நான் சிரித்தேனே, நினைவிருக்கிறதா? ஒரு சின்னப் பெட்டி, பக்கத்தில் ஒரு அம்புக்குறி. அதை அழுத்தினால் நூற்றுப் பன்னிரண்டு பெயரும் கீழே தொங்கும். டிராப்டவுன் என்றாய். ஏழுமலை பெயருக்குப் போக வேண்டும் என்றால் இழுத்துக்கொண்டே போக வேண்டும், விரல் நடுங்கினால் பெட்டி மூடிக்கொள்ளும், மறுபடி முதலிலிருந்து. நான்கைந்து தரம் பார்த்துவிட்டு, "இதுக்கு நான் நேரா ஏழுமலை வூட்டுக்கே போய் கேட்டுகினு வந்துடுவேன்" என்று கத்தினேன். நீ முகம் சுளிக்கவில்லை. மூன்று நாள் கூடத்தில் என் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, நான் எழுதுவதை வெறுமனே பார்த்தாய். யார் வந்து என்ன கேட்கிறார்கள், நான் நோட்டில் எந்தப் பக்கம் விரலை வைக்கிறேன் என்று பார்த்தாய். அந்த மூன்று நாளும் எனக்கு எரிச்சல். இப்போது யோசித்தால், நீ அந்தப் படிப்பில் கற்றுக்கொண்டு வந்த எதையும்விட அந்த மூன்று நாள் பெரியது கண்ணு. புது ஆபீசிலும் அந்த நாற்காலியை விட்டுவிடாதே.

நாலாம் நாள் சொன்னாய்: "நைனா, உன்கிட்ட வர்றவங்க யாரும் தன் பேர மட்டும் கேக்கல. தனக்கு முன்னாடி யாரு, பின்னாடி யாருன்னுதான் கேக்கறாங்க. டிராப்டவுன் ஒரு பேர மட்டும் காட்டிட்டு மத்தத மூடி வெச்சிடும். அது இங்க ஆவாது." பெயர்களை இடப்பக்கம் எப்போதும் திறந்தே இருக்கும் பட்டியலாக வைத்தாய். நடுவில் அட்டவணை, ஒரு வரிக்கு ஒரு ஆள், நாள், இடம், வருவாரா மாட்டாரா என்று. டிராப்டவுனையும் நீ தூக்கி எறியவில்லை. அட்டவணையில் இடம் என்ற கட்டத்துக்குள் மட்டும் வைத்தாய். இடங்கள் ஆறுதானே, ஒரே பார்வையில் முடிந்துவிடும், தப்பாக எழுதவும் முடியாது என்றாய். நல்லா இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "கரண்ட் போனா இன்னா பண்ணுவ?" என்று கேட்டேன்.

அந்தப் பட்டியலில் எனக்கு ரொம்பப் பிடித்தது படகுச் சாயம். நம் ஊரில் தேசப்பன் என்று நாலு பேர், முருகேசன் மூன்று பேர். அப்பா பெயரைச் சேர்த்து எழுதினாலும் அவசரத்தில் குழம்பும். நீ ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் அவரவர் படகின் நிறத்தில் ஒரு பட்டை வரைந்தாய். சும்மா கொடுத்தால் வெறும் எழுத்துதான் வருமாம். ரெண்டரர் என்று ஒன்றை நாமே எழுதிக் கொடுத்தால் நாம் சொன்னபடி வரையுமாம். வடக்குத் தெரு தேசப்பன் வந்து பார்த்துவிட்டு, "ஏம்மா, இது எங்க நீலம் இல்ல. எங்க நீலம் கொஞ்சம் கறுத்தா மாதிரி இருக்கும்" என்று உன்னைக் கரைக்கு இழுத்துக்கொண்டு போய்ப் படகைக் காட்டினான். நீ போனில் படம் எடுத்து வந்து அந்த நீலத்தையே போட்டாய். அன்றிலிருந்து எழுதப் படிக்கத் தெரியாதவர்கள்கூடக் கூடத்துக்கு வந்து தங்கள் நிறத்தைத் தேடினார்கள்.

ஒரு நாள் சாவு வீட்டுக்காரர் ஒருவர் வரமாட்டார் என்று காட்ட அவர் பெயரைச் சாம்பல் நிறமாக்கினாய். அவருக்குக் கீழே இருந்த அத்தனை பேரும் சாம்பலாகிவிட்டார்கள். ஊரே செத்துப்போன மாதிரி இருந்தது. நான் பதறினேன். நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். "ஒவ்வொரு வரிக்கும் தனித்தனி ஆள் இல்ல நைனா. ஒரே பெயின்டர்தான் எல்லா வூட்டுக்கும் போறான். பிரஷ்ஷ கழுவாம அடுத்த வூட்டுக்குப் போய்ட்டான். ஒவ்வொரு தடவையும் கழுவுடான்னு நான்தான் எழுதணும்" என்றாய். அதை எழுதினாய், ஊர் பிழைத்தது. அன்று ராத்திரி சாப்பிடும்போது இதை நான் உன் அம்மாவிடம் இரண்டு தரம் சொன்னேன். தோணிரேவில் இருக்கும் என் சித்தப்பாவிடம் போய்ச் சொன்னேன். உன்னிடம் மட்டும் சொல்லவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நூற்றுப் பன்னிரண்டு பெயரையும் நீதான் தட்டச்சு செய்தாய். அத்தனையும் ஆண்பிள்ளைகள் பெயர். பாடு வீட்டுப் பையன்களுக்குத்தான், பெண்ணுக்குக் கிடையாது. உன் பெயர் வர முடியாத ஒரு பட்டியலை நீ இவ்வளவு அழகாகச் செய்தாய். அதைப் பற்றி ஒரு வார்த்தை நீ பேசவில்லை. எனக்கும் அப்போது தோன்றவில்லை. இப்போது உறுத்துகிறது.

சரி, அந்த நாளுக்கு வருகிறேன். நீ ஏதோ ஒரு நேர்முகத் தேர்வுக்காகச் சென்னை போயிருந்தாய். அமாவாசை கழிந்து இறால் வரத்து நன்றாக இருந்த சமயம். காலையில் வாரத் தாளை ஒட்ட வேண்டும். கூடத்து வாசலில் பத்துப் பன்னிரண்டு பேர், "ஜல்தியா போடுண்ணா" என்று சத்தம். தெற்கு வீட்டு முருகேசன் வீட்டில் அவன் தாயார் தவறிவிட்டார், அவனுக்கு 'வரமாட்டார்' என்று போட வேண்டும். அட்டவணையில் அவன் பெயர் சட்டென்று அகப்படவில்லை. அவசரத்தில் மவுசை அங்கே இங்கே வைத்து, பெயர் என்று எழுதியிருந்த தலைப்புக் கட்டத்தை அழுத்திவிட்டேன். அத்தனை பெயரும் குதித்து இடம் மாறிவிட்டன. அகர வரிசையில் நின்றன. ஆனால் முருகேசன் பெயர் உடனே கண்ணில் பட்டது, அப்பாடா என்று அவன் வரியைப் பிடித்து 'வரமாட்டார்' பட்டனை அழுத்தினேன். சாம்பல் நிறம் வரவில்லை. மறுபடி அழுத்தினேன். வரவில்லை. பயந்துபோய் எல்லாவற்றையும் மூடித் திறந்தேன். பழைய வரிசை வந்துவிட்டது. முருகேசன் அப்படியேதான் இருந்தான். "அண்ணே, இன்னாத்துக்கு இவ்ளோ நேரம்?" என்று வெளியே குரல். தாளை அச்சடித்தேன். முருகேசன் பெயரைப் பேனாவால் அடித்து 'வரமாட்டார்' என்று கையால் எழுதி ஒட்டிவிட்டேன். ஏதோ கோளாறு என்று எனக்குத் தெரியும். உனக்கு ஒரு போன் போட்டிருந்தால் போதும். மூன்று வரி மேலே பார்வையை ஓட்டியிருந்தாலும் போதும். அங்கே வடக்குத் தெரு தேசப்பன் பெயர் சாம்பலாகக் கிடந்தது.

தேசப்பன் தாளைப் பார்க்கும் ஆள் இல்லை. தன் முறை அவனுக்கு மனப்பாடம். அன்று அவனுக்கு நடுவாய். எத்தனையோ நாள் காத்திருந்து வந்த இடம். சாயங்காலம் மகனோடு வலையை ஏற்றிக்கொண்டு போனால், தேசப்பன் வரமாட்டார் என்று தாளில் பார்த்துவிட்டு அடுத்த ஆள் ஏற்கனவே அங்கே வந்து வலை கட்டிக்கொண்டிருக்கிறான். இரண்டு படகும் முட்டிக்கொண்டு, கைகலப்பாகி, தேசப்பன் வெறும் படகோடு திரும்பினான். மறுநாள் அந்த இடத்தில் அகப்பட்ட இறாலை ஊரே பார்த்தது. கூட்டம் கூடியது. தேசப்பன் மேல்துண்டைத் தரையில் போட்டுவிட்டுக் கேட்டான்: "என் முறைய யாரு தூக்கினது? நீ எதுனா தொட்டியாண்ணா?"

நான் சொன்னேன்: "நான் ஒண்ணும் பண்ணல. அது தானா மாறிச்சி."

அவ்வளவுதான் கண்ணு. ஒரு வரி. அதற்குப் பிறகு என் வாயை எதுவும் திறக்க வைக்கவில்லை. "பொம்பளப் புள்ள செஞ்ச பொட்டிய நம்பினா இப்டித்தான்" என்றார்கள், கேட்டுக்கொண்டிருந்தேன். "நல்ல வேள, முருகேசன் பேரையாவது அண்ணன் பேனாவால திருத்தினாரு" என்று என்னைப் பாராட்டினார்கள், அதையும் கேட்டுக்கொண்டிருந்தேன். ஊர்த் தலைவர் சொல்லச் சொல்லத் தீர்மான நோட்டில் எழுதினேன்: 'எழுத்தர் மகள் செய்த கணினியின் பிழையால் முறை தவறியது.' என் கையெழுத்து அன்றைக்கு ரொம்ப அழகாக விழுந்திருந்தது.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் வந்து இறங்கினாய். முகம்கூடக் கழுவாமல் கூடத்துக்குப் போனாய். பலகையில் இருந்த தாளைப் பார்த்தாய், நான் போட்ட பேனாக் கோட்டைப் பார்த்தாய், கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து பெயர்த் தலைப்பை அழுத்தினாய், முருகேசனைப் பிடித்துப் பட்டனை அழுத்தினாய், மேலே இழுத்துப் பார்த்தாய். ஐந்து நிமிஷம் ஆகியிருக்காது. பிறகு என் முகத்தைப் பார்த்தாய். உனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நீ கத்துவாய் என்று நினைத்தேன். "டீ குடிச்சியா நைனா?" என்றாய்.

மறுபடி கூடிய கூட்டத்தில் நீ நின்று பேசியதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். பெண்பிள்ளைகள் பேசாத கூட்டம் அது. "தப்பு என்னுதுதான் மாமா" என்று தேசப்பனைப் பார்த்துத்தான் ஆரம்பித்தாய். "கண்ணுல தெரியற வரிசை ஒண்ணு, உள்ள இருக்கற வரிசை ஒண்ணு. தலைப்ப அமுக்கினா கண்ணுல தெரியறது மட்டும் மாறும். நான் கண்ணுல தெரியற மூணாவது ஆளப் புடிச்சிகினு, உள்ள இருக்கற மூணாவது ஆள மாத்தற மாதிரி எழுதி வெச்சிட்டேன். அது மட்டும் இல்ல. வரிசைய மாத்தவே கூடாத ஊருக்கு, வரிசைய மாத்தற வசதிய வெச்சதே நான்தான். அது அட்டவணைக்கு அழகுன்னு நெனச்சேன்." யார் அமுக்கியது என்று ஒருவர் கேட்டார். "யார் அமுக்கினாலும் இதுதான் நடக்கும்" என்றாய். அன்றே தலைப்பை அழுத்தினால் ஒன்றும் ஆகாதபடி மாற்றினாய். பட்டனை அழுத்தினால், படகின் நிறத்தோடு பெயரைப் பெரிதாகக் காட்டி 'இவர்தானா?' என்று கேட்கும்படி செய்தாய். கேட்டுக் கேட்டு என் உயிரை வாங்குகிறது, இருந்தாலும் ஒவ்வொரு தடவையும் நான் நின்று பார்த்துத்தான் 'ஆம்' கொடுக்கிறேன்.

அதற்குப் பிறகும் நீ விடவில்லை. வீட்டுக்கு வந்து, "நம்ம வூட்டு நடுவாய் முறை வர வாரம் வருது நைனா. அத்த தேசப்பன் மாமாக்குக் குடுத்துடலாம்" என்றாய். நான் எகிறினேன். உன் தம்பி படிப்பு, வீட்டு ஓடு, என் முழங்கால் என்று என்னென்னவோ சொன்னேன். நீ என்னையே பார்த்துக்கொண்டு நின்றாய். கொடுத்தேன். ஊர் என்ன செய்தது தெரியுமா? மகள் செய்த தப்புக்குத் தன் முறையையே விட்டுக்கொடுத்த பெரிய மனசுக்காரன் என்று என்னைக் கூட்டத்தில் வாழ்த்தியது. தலைவர் துண்டு போர்த்தினார். நீ கடைசியில் பெண்கள் பக்கம் நின்று கை தட்டிக்கொண்டிருந்தாய். அந்தத் துண்டு இன்னும் பெட்டியில் இருக்கிறது, ஒரு நாளும் நான் போட்டதில்லை.

எனக்கு உன்னிடம் பயம் என்று நீ நினைத்திருக்கலாம். பயமில்லை, வெட்கம். பதினெட்டு வருஷம் கையால் எழுதியவன் ஒரு பட்டனில் தோற்றான் என்று ஊர் சிரிக்குமே என்ற வெட்கம். கிட்டத்தட்ட உன் வயசு அளவுக்கு நான் எழுத்தராக இருந்திருக்கிறேன். ஒரு தப்பை எப்படி ஒப்புக்கொள்வது என்று உன்னைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். நீ என் மகள் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வாய் கொள்ளாத பெருமை. அந்தப் பெருமையை ஒரு பொய்க்கு மேல் உட்கார்ந்துகொண்டு என்னால் அனுபவிக்க முடியவில்லை.

இன்று காலை இந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு தேசப்பனைத் தேடிப் போனேன். கரையில் படகைக் கவிழ்த்துப் போட்டு அந்தக் கறுத்த நீலத்தைப் பூசிக்கொண்டிருந்தான். அதுவரை எழுதியிருந்ததை முழுசும் படித்துக் காட்டினேன். பிரஷ்ஷை டப்பாவில் போட்டான். அப்புறம் ஆரம்பித்தான்: "த்தூ! நீயெல்லாம் ஒரு பெரிய மனுசன். கூட்டத்துல சொன்னது போதாதுன்னு அந்தப் பொண்ணு என் வூட்டு வாசல்லயும் வந்து நின்னு, தப்பு என்னுது மாமான்னு சொல்லிச்சி. நான் மூஞ்சி குடுத்துக்கூடப் பேசலய்யா. உனக்குத் துண்டு வேற!" நான் வாங்கிக்கொண்டேன். வாங்க வேண்டியதுதானே. கடைசியில், "ஞாயித்துக்கெழம இத்த கூட்டத்துல படி. நான் முன்னால உக்காந்துகினு இருப்பேன். ஒரு வரி வுட்டாலும் எழுந்துக்குவேன்" என்றான்.

ஒரு வரியும் விட மாட்டேன். ஞாயிறு வாசித்துவிட்டு, பலகையில் வாரத் தாளுக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டு, படம் பிடித்து உனக்கு அனுப்பச் சொல்லித் தம்பியிடம் கொடுக்கிறேன். கூடத்துச் சாவி என்னிடம்தானே இருக்கிறது, கரையிலிருந்து நேராகப் போய்த் தீர்மான நோட்டைத் திறந்தேன். 'எழுத்தர் மகள் செய்த கணினியின் பிழையால்' என்பதில் மகளையும் கணினியையும் அடித்துவிட்டேன். இப்போது அந்த வரி 'எழுத்தர் செய்த பிழையால் முறை தவறியது' என்று இருக்கிறது. பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன். எழுத்து கோணலாகத்தான் விழுந்திருக்கிறது.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
அந்தப் பயனர்,
உன் நைனா.